செஞ்சிக் கோட்டையும் ஒரு சிட்டிகை உப்பும்!

வெயில் ஆபத்தில் இருந்து தப்புவது எப்படி?

செஞ்சிக் கோட்டையைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் இருக்க முடியாது. ராஜா தேசிங்கு கதை தெரியாத வீடு தமிழ்நாட்டில் உண்டா?

அந்தக் கோட்டைக்கு இப்போது உலகப் புகழ் கிடைத்து இருக்கிறது. 2025-ம் ஆண்டு ஜூலை மாதம் 11-ந் தேதி, பாரிஸ் நகரில் "யுனெஸ்கோ" கூட்டம் நடந்தது. மராட்டியர் ஆட்சியோடு சம்பந்தப்பட்ட 12 கோட்டைகளை, உலகப் பாரம்பரியச் சின்னமாக அங்கே அறிவித்தார்கள். 11 கோட்டைகள் மராட்டிய மாநிலத்தில் இருக்கின்றன. பன்னிரண்டாவது கோட்டை, நம் செஞ்சி!

பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால், அந்தப் பெருமையைப் பார்க்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செஞ்சி என்றால் பாறை. பாறை என்றால் வெயில்!

எட்டு ஆண்டு முற்றுகை

செஞ்சியில் மூன்று மலைகள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. மூன்றையும் சேர்த்து மதில் கட்டி இருக்கிறார்கள். ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி.

1677-ம் ஆண்டில் சிவாஜி இந்தக் கோட்டையைப் பிடித்தார். பிறகு அவருடைய மகன் ராஜாராம் இங்கே வந்து தங்கினார். அவரைப் பிடிப்பதற்காக, டெல்லி பாதுஷா அவுரங்கசீப் பெரிய படையை அனுப்பினார். தளபதி சுல்பிகர்கான் கோட்டையைச் சூழ்ந்து கொண்டார். 1690-ல் தொடங்கிய முற்றுகை 1698-ல்தான் முடிந்தது.

எட்டு ஆண்டு காலம் கோட்டை எப்படித் தாக்குப் பிடித்தது?

மதில் மட்டும் காரணம் அல்ல. உள்ளே நெற்களஞ்சியம் இருந்தது. அதைவிட முக்கியமாக, தண்ணீர் இருந்தது! மலை மேலே சுனைகள். கீழே குளங்கள். கல்யாண மகாலுக்குக் குழாய் வைத்துத் தண்ணீர் கொண்டு போய் இருக்கிறார்கள்.

மதில் எவ்வளவு உயரமாக இருந்தால் என்ன? உள்ளே தண்ணீர் தீர்ந்தால் கோட்டை விழுந்துவிடும். மனித உடம்பும் அப்படித்தான். எவ்வளவு பலசாலியாக இருந்தாலும், உடம்பில் நீர் வற்றினால் சாய்ந்துவிடுவான்.

வெயிலும் பேரிடர்தான்!

வெயில் புதிது அல்ல. சித்திரை பிறந்தால் வெயில் அடிக்கும். கத்திரி வந்தால் கொளுத்தும். நம் பாட்டன், பூட்டன் எல்லோரும் பார்த்த வெயில்தானே என்று சிலர் கேட்கலாம்.

இல்லை. வெயிலின் வேகம் கூடி இருக்கிறது. உலகம் முழுவதும் கணக்கு எடுத்த ஆண்டுகளில், 2024-ம் ஆண்டுதான் மிக உஷ்ணமான ஆண்டு என்று உலக வானிலை நிறுவனம் அறிவித்தது. இந்தியாவிலும், 1901-ம் ஆண்டில் இருந்து பார்த்தால், 2024-தான் மிக அதிக உஷ்ணம்.

அந்த ஆண்டு அக்டோபர் மாதம் தமிழ்நாடு அரசு ஓர் உத்தரவு போட்டது. புயல், வெள்ளம் போல வெப்ப அலையும் பேரிடர் என்று அறிவித்தது. வெயில் தாக்கி இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு.

வெப்ப அலை என்றால் என்ன? சமவெளி ஊர்களில் வெயில் 40 டிகிரி செல்சியசைத் தொட வேண்டும். வழக்கமான அளவைவிட நாலரை டிகிரி கூடுதலாகவும் இருக்க வேண்டும். அப்போது வானிலை இலாகா அதை "வெப்ப அலை" என்று சொல்லும். 40 டிகிரி செல்சியஸ் என்பது 104 டிகிரி பாரன்ஹீட்.

நிவாரணம் கொடுப்பது நல்ல காரியம். ஆனால், 4 லட்சம் ரூபாய் வந்தாலும் போன உயிர் வராது. உயிர் போகாமல் தடுக்கும் மருந்து, நம் அடுப்பங்கரையிலேயே இருக்கிறது. அதன் விலை சில காசுகள்தான்.

பாட்டிலில் நடந்த மோசடி

அந்த மருந்தின் பெயர் "ஓ.ஆர்.எஸ்." உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர். வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு டாக்டர்கள் எழுதிக் கொடுப்பார்களே, அதுதான்.

உலக சுகாதார நிறுவனம் இதற்கு ஓர் அளவு வைத்து இருக்கிறது. ஒரு பாக்கெட்டின் எடை இருபதரை கிராம். அதில் குளுகோஸ் 13.5 கிராம். சாப்பாட்டு உப்பு 2.6 கிராம். மற்ற இரண்டு உப்புகள் சேர்ந்து 4.4 கிராம். இதை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும்.

கடைகளில் என்ன நடந்தது தெரியுமா?

பழரசம் போன்ற தித்திப்புப் பானங்களைப் பாட்டிலிலும் பெட்டியிலும் அடைத்தார்கள். அதன் மேல் "ஓ.ஆர்.எஸ்." என்று பெயர் சேர்த்துக் கொண்டார்கள். சர்க்கரையோ, உலக சுகாதார நிறுவனம் சொன்னதைப் போலப் பல மடங்கு! "இது அந்த ஓ.ஆர்.எஸ். அல்ல" என்ற எச்சரிக்கை பாட்டிலில் இருந்தது. அதை எந்தத் தாய் படித்துப் பார்க்கப் போகிறாள்? குழந்தைக்கு மருந்து என்று நம்பி வாங்கிக் கொடுத்தார்கள்.

ஐதராபாத்தைச் சேர்ந்த குழந்தை டாக்டர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்துக் கிளம்பினார். ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் போராடினார். கடைசியில் 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதி, இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. முன்பு கொடுத்த அனுமதி ரத்து. சரியான அளவில் இல்லாத எந்தப் பானமும், "ஓ.ஆர்.எஸ்." என்ற மூன்று எழுத்தைப் பெயரில் சேர்க்கக் கூடாது!

உத்தரவு வந்துவிட்டது. ஆனாலும், வாங்குகிறவர்களும் விவரம் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். பெயரைப் பார்த்து ஏமாறாமல் இருக்க வேண்டும் என்றால், அந்தப் பானம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்து கொள்வதுதான் வழி.

ஜோடியாக வந்தால்தான் கதவு திறக்கும்

வெயிலில் வேலை செய்தால் வேர்க்கிறது. வேர்வை காயும்போது உடம்பு குளிர்கிறது. கடுமையான வேலை என்றால், ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வேர்வைகூட வெளியேறும்.

வேர்வையை நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்புக் கரிக்கும். தண்ணீரோடு உப்பும் போகிறது என்று அர்த்தம். தண்ணீரை மட்டும் குடித்தால் பாதிக் கடன்தான் தீரும். உப்பையும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

சரி, உப்பு போட்டுக் குடித்தால் போதாதா? சர்க்கரை எதற்கு?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. நாம் குடிப்பது குடலுக்குப் போகிறது. குடலில் இருந்து ரத்தத்துக்குப் போக வேண்டும். குடலின் சுவரில் சின்னஞ்சிறு கதவுகள் உண்டு என்று வைத்துக் கொள்ளுங்கள். உப்பும் குளுகோசும் ஜோடியாக வந்தால், அந்தக் கதவு இரண்டையும் சேர்த்து உள்ளே விடுகிறது. அவை போகும்போது தண்ணீரையும் கூடவே இழுத்துச் செல்கின்றன. ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க விஞ்ஞானி, 1960-ம் ஆண்டில் இதை எடுத்துச் சொன்னார்.

அப்படியானால் சர்க்கரையை அள்ளிக் கொட்டலாமா? கூடாது!

மாங்காய்த் துண்டின் மேல் சர்க்கரையைத் தூவி வையுங்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் விடும். சர்க்கரை வெளியே அதிகமாக இருந்தால், மாங்காய்க்குள் இருக்கும் தண்ணீரை இழுத்துவிடுகிறது. குடலிலும் இதே கதைதான். அளவுக்கு மீறிய சர்க்கரை, உடம்பில் இருக்கும் தண்ணீரையும் குடலுக்கு இழுத்துவிடும். வயிற்றுப்போக்கு அதிகமாகும். ஒரு சாதாரணக் குளிர்பானத்தில், லிட்டருக்குச் சுமார் 100 கிராம் சர்க்கரை இருக்கிறது. வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு அதைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

அகதி முகாமில் நடந்த அதிசயம்

1971-ம் ஆண்டு. வங்காளதேசப் போர் நடந்தது. லட்சக்கணக்கான ஜனங்கள் எல்லை தாண்டி இந்தியாவுக்கு ஓடி வந்தார்கள். மேற்கு வங்காளத்தில் உள்ள போன்கான் என்ற ஊரில் அகதிகள் குவிந்தார்கள். காலரா பரவியது.

அங்கே வேலை பார்த்தவர் டாக்டர் திலீப் மகலநாபிஸ். நரம்பில் ஏற்றுவதற்கு மருந்து நீர் போதவில்லை. ஆஸ்பத்திரியில் இடம் இல்லை. நோயாளிகள் தரையில் கிடந்தார்கள்.

அவர் ஒரு முடிவுக்கு வந்தார். சாப்பாட்டு உப்பு, குளுகோஸ், சமையல் சோடா மூன்றையும் அளந்து தண்ணீரில் கலக்கச் சொன்னார். பெரிய பீப்பாய்களில் ஊற்றி வைத்தார். "உங்கள் குழந்தைக்கு நீங்களே ஊட்டுங்கள்" என்று, உறவினர்கள் கையில் டம்ளரைக் கொடுத்தார்.

அதுவரை 100 பேரில் 30 பேர் செத்துக் கொண்டு இருந்தார்கள். அது 4 பேருக்கும் கீழே குறைந்துவிட்டது!

மகலநாபிஸ் 2022-ம் ஆண்டு காலமானார். மறு ஆண்டு "பத்மவிபூஷண்" விருது அறிவிக்கப்பட்டது.

வங்காளதேசத்தில் "பிராக்" என்ற சேவை நிறுவனம், 1980-ம் ஆண்டு முதல் பத்து ஆண்டுகள் வீடு வீடாகப் போனது. எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்களுக்கு விரலாலேயே கணக்குச் சொல்லிக் கொடுத்தது. மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு. ஒரு கைப்பிடி வெல்லம். அரை சேர் தண்ணீர். இவ்வளவுதான் பாடம். ஒரு கோடியே 20 லட்சம் வீடுகளுக்கு மேல் இந்தப் பாடம் போய்ச் சேர்ந்தது.

படிப்பு இல்லாத தாய்மார்களால் முடிந்தது, நம்மால் முடியாதா?

வீட்டில் செய்வது எப்படி?

இதோ செய்முறை. வெட்டி எடுத்துச் சமையல் அறையில் ஒட்டி வையுங்கள்.

உப்பு - சர்க்கரை நீர்: ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற வையுங்கள். சர்க்கரை 6 டீஸ்பூன். உப்பு அரை டீஸ்பூன். தலை தட்டிய அளவாக இருக்க வேண்டும். குவித்துப் போடக் கூடாது. நன்றாகக் கரையுங்கள். விருப்பம் இருந்தால் எலுமிச்சம்பழம் பிழியலாம்.

ஒரு டம்ளர் மட்டும் வேண்டுமா? 200 மில்லி தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு.

குழந்தைக்குக் கொடுக்கும் முன் நீங்கள் ருசி பாருங்கள். கண்ணீரைவிட அதிகமாகக் கரித்தால் கொட்டிவிடுங்கள். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. காலையில் கலந்ததை மறுநாள் வைத்துக் கொள்ளக் கூடாது.

நீர்மோர்: தயிர் ஒரு டம்ளர், தண்ணீர் நாலு டம்ளர். மத்தால் நன்றாகக் கடையுங்கள். உப்பு அரை டீஸ்பூன். இஞ்சி, கறிவேப்பிலை, கொத்தமல்லி, பெருங்காயம் சேருங்கள். வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு இது நல்ல பானம்.

பானகம்: ஒரு லிட்டர் தண்ணீரில், எலுமிச்சம்பழ அளவு வெல்லம். வடிகட்டி, சுக்கு, ஏலக்காய், எலுமிச்சைச் சாறு சேருங்கள். ஒரு சிட்டிகை உப்பும் போடுங்கள். ஸ்ரீராமநவமிக்குச் செய்வது போலத் தித்திப்பாக வேண்டாம். தாகத்துக்கு இந்த அளவு போதும்.

நீராகாரமும் கூழும்: பழைய சோற்று நீரில் உப்புப் போட்டுக் குடித்தார்களே, அவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்ல. கஞ்சியில் உள்ள மாவுச்சத்து, வயிற்றில் குளுகோசாக மாறுகிறது. உப்பும் சேர்ந்துவிட்டால் ஜோடி கிடைத்துவிட்டது! செஞ்சியை அடுத்த மேல்மலையனூரில் அங்காளம்மன் கோவில் இருக்கிறது. ஆடி மாதம் வந்தால், அம்மன் கோவில்களில் கூழ் வார்ப்பதை எல்லோரும் பார்த்து இருப்பார்கள். அந்தக் கூழில் மோரும் உப்பும் கலந்து, சின்ன வெங்காயம் கடித்துக் கொண்டு குடித்துப் பாருங்கள். பசியும் போகும். தாகமும் போகும்.

இளநீர் நல்லது. ஆனால், வேர்வையில் போன உப்பை ஈடு செய்யும் அளவுக்கு அதில் சாப்பாட்டு உப்பின் சத்து இல்லை. நுங்கும் நல்லது. பதநீரில் சர்க்கரை அதிகம். ஆசைக்கு ஒரு டம்ளர் போதும். கள், சாராயம் உடம்பின் நீரை வற்ற வைக்கும். வெயிலில் அவற்றைத் தொடவே கூடாது.

கவனம்! கவனம்!

வீட்டில் நிழலில் இருக்கிறவர்களுக்குத் தண்ணீரும் சாப்பாடுமே போதும். தினமும் உப்பு நீர் குடிக்க வேண்டியது இல்லை. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை வியாதி, இருதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை இலவசமாகக் கொடுக்கிறார்கள். அதுதான் முதல் தரம். பாக்கெட் கிடைக்கும் வரை வீட்டு நீர் கை கொடுக்கும். முழுப் பாக்கெட்டையும் ஒரே தடவையில், ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். டம்ளரில் கொஞ்சம் கொட்டிக் கலக்கக் கூடாது. பாலிலும் சோடாவிலும் கரைக்கக் கூடாது. கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது.

சிறுநீர் கருமஞ்சளாகப் போகிறதா? தலை சுற்றுகிறதா? கெண்டைக்கால் இழுக்கிறதா? நிழலுக்கு வந்து குடியுங்கள்.

ஒருவர் வெயிலில் மயங்கி விழுந்தால், அல்லது பேச்சுக் குழறினால், அது வெப்ப வாதமாக இருக்கலாம். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். நிழலுக்குத் தூக்கி வந்து, துணியைத் தளர்த்தி, உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மூச்சுக் குழாயில் போய்விடும்.

யாருக்கு ஆபத்து அதிகம்?

ஒரு குடும்பம் திண்டிவனத்தில் இருந்து பஸ்சில் வந்து செஞ்சியில் இறங்குகிறது என்று வைத்துக் கொள்வோம். பையன் ராஜகிரி மலையைப் பார்க்கிறான்.

"பாட்டி, உச்சிக்கு ஏறலாமா?"

"ஏறலாம் ராசா. ஆனால், வெயில் ஏறுவதற்குள் நாம் ஏறி இறங்கிவிட வேண்டும். இந்தா, முதலில் மோரைக் குடி."

அந்தக் குடும்பத்துக்கு ஆபத்து இல்லை. கையில் தூக்குவாளி இருக்கிறது. களைத்தால் கல்யாண மகால் நிழலில் உட்காரலாம். பஸ் ஏறி வீட்டுக்குப் போகலாம்.

நினைத்த நேரத்தில் உட்கார முடியாதவர்களும் இருக்கிறார்களே! கடலைக்காட்டில் களை எடுக்கும் பெண்கள். நெல் மூட்டை சுமக்கும் தொழிலாளர்கள். கட்டடத்தில் சித்தாள் வேலை பார்க்கிறவர்கள். ரோட்டில் தார் ஊற்றுகிறவர்கள். மூட்டைக்குக் கூலி, நாளுக்குக் கூலி என்று வாங்குகிறவர்கள், நின்றால் காசு போய்விடுமே என்று நிற்காமல் உழைக்கிறார்கள்.

பெண்களுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. வேலை செய்யும் இடத்தில் கக்கூஸ் இருக்காது. அதனால் தண்ணீர் குடிக்காமலே பகல் முழுவதும் தள்ளுகிறார்கள். தாகத்தை அடக்குவது அவர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. இது சிறுநீர்க் கடுப்பில் தொடங்கும். சிறுநீரகம் கெடுவதில் முடியலாம்.

"வீட்டில் மோர் கரைத்துக் குடியுங்கள்" என்று இவர்களுக்குப் புத்தி சொன்னால் மட்டும் போதுமா? போதாது. வேலை கொடுப்பவர்கள் வேலை நேரத்தை மாற்ற வேண்டும். காலையில் சீக்கிரம் தொடங்கி, உச்சி வெயிலில் ஓய்வு விட வேண்டும். நிழலுக்கு ஒரு கொட்டகை, ஒரு பானைத் தண்ணீர், ஒரு மறைவான கக்கூஸ். கேட்பது இவ்வளவுதான்.

கோடை வந்தால், கட்சிக்காரர்கள் தண்ணீர்ப் பந்தல் திறக்கிறார்கள். மாலை, மேளம், போட்டோ எல்லாம் நடக்கின்றன. நல்லதுதான். ஆனால், பத்தாம் நாள் போய்ப் பார்த்தால், சில பந்தல்களில் பானை காலியாக இருக்கிறது. பந்தல் திறப்பு ஒரு நாள் காரியம். பானையை நிரப்புவது தினசரிக் காரியம். தினமும் நிரப்புகிறவர்தான் தர்மவான்.

சுல்பிகர்கான் படையை எட்டு ஆண்டு எதிர்த்து நின்றது செஞ்சிக் கோட்டை. சுனையும் குளமும் அதற்குப் பலம் கொடுத்தன. நம் வீட்டுக்கும் வெயில் ஆண்டுதோறும் முற்றுகை போடுகிறது. நம்மிடம் பானை இருக்கிறது. உப்பும் சர்க்கரையும் இருக்கின்றன. அளவும் இப்போது தெரிந்துவிட்டது.

நாளைக் காலை ஒரு பானை மோர் கரையுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்குக் கொடுங்கள். மிச்சத்தை, வாசலில் வெயிலில் வேலை செய்கிறவரைக் கூப்பிட்டுக் கொடுங்கள்.